அந்தக் கஞ்சியில் உப்பு விழுந்தது எப்படி

ஒவ்வொரு வருடமும் நோன்பு பிறக்கும்போது இதை எழுதிவிட வேண்டும் என்று பேனாவை எடுப்பேன். பெருநாள் வந்துவிடும், விருந்தாளிகள் வருவார்கள், கடை வேலை இருக்கும், பேனா மேசை டிராயருக்குள் போய்விடும். இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தயக்கம்தான். சொல்லப்போவது என் சொந்த மகனைப் பற்றி. பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்த எந்தத் தகப்பனுக்குக் கை வரும்? அதோடு நான் படித்தவனும் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு அத்தாவின் மளிகைக் கடையில் தராசு பிடிக்கப் போனவன். எழுதினால் கோர்வையாக வருமா என்றும் பயம்.

ஆனால் ஒரு மனிதருடைய பெயர் கெட்டுக் கிடக்கிறது. செய்யாத காரியத்துக்காகக் கெட்டுக் கிடக்கிறது. நோன்பு மாதம் வந்தாலே ஒரு சின்ன வீடியோ போன் போனாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. ஒருத்தர் கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார், சுற்றிலும் சிரிப்பார்கள். உங்களில் பல பேருக்கும் அது வந்திருக்கும். நீங்களும் சிரித்திருப்பீர்கள். அன்று நான் அந்த இடத்தில் இருந்தேன். நடந்தது என்ன என்று அல்லாஹ்வுக்குப் பயந்து எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிவாசல் மலேசியாவில், ஈப்போவுக்கு அருகே செமோர் பக்கம். பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. தோட்டம் இருந்த காலத்தில் அங்கே கடை வைத்திருந்த நம் ஆட்கள் சேர்ந்து கட்டியது. ரப்பர் மரங்கள் நின்ற இடமெல்லாம் இப்போது தாமான் என்கிற குடியிருப்பு வீடுகள். பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. நோன்பு மாதம் முழுக்க அங்கேதான் கஞ்சி வேகும். நம்மவர்கள் மட்டும் குடிக்கிற கஞ்சி இல்லை. மலாய்க்காரர்கள் வருவார்கள், பழைய தோட்டத்து இந்துக் குடும்பங்கள் வரும், கோழிக்கடைச் சீனர் வருவார். சாயங்காலம் அஸர் தொழுகை முடியும்போது தூக்குச் சட்டியும் பிளாஸ்டிக் டப்பாவுமாக வரிசை ரோடு வரைக்கும் நிற்கும்.

ஒவ்வொரு நாள் கஞ்சியும் ஒரு வீட்டுடையது. அன்றைய அரிசி, பருப்பு, தேங்காய், இறைச்சி எல்லாம் அந்த வீட்டார் வாங்கித் தருவார்கள். அது மட்டும் போதாது. சட்டியில் துடுப்புப் போட்டுக் கிண்ட அந்த வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும். காசைக் கொடுத்துவிட்டு வீட்டில் காலை நீட்டி உட்காரக் கூடாது என்பது எங்கள் பள்ளிவாசல் வழக்கம். தேங்காய்ப்பால் ஊற்றிய பிறகு கிண்டுவதை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் அடி பிடித்துவிடும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. வெளியாட்களுக்கு அது சட்டென்று தோன்றாது. கஞ்சி காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் நோன்பு வைத்திருப்பவர்கள். உப்பு சரியா, காரம் சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று சில ஊர்களில் சொல்வார்களாம். எங்கள் பக்கம் அதற்கும் யாரும் துணிய மாட்டார்கள். அதனால் எல்லாமே அளவும் வாய்ச்சொல்லும்தான். ஒருத்தர் "உப்பு போட்டாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். துடுப்பு பிடிப்பவர் "போட்டாச்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. பல வருடங்களாக அதில் ஒரு குறையும் வந்ததில்லை. ஒருவர் பேசினால் இன்னொருவர் காது கொடுப்பார் என்ற நம்பிக்கையில் நடந்த ஏற்பாடு அது.

கஞ்சி காய்ச்சுகிறவர் எனக்கு உறவு இல்லை, பழக்கத்தில் மச்சான். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமையல் வேலை. நோன்பு மாதத்தில் கேண்டீன் பாதி நாள் மூடியிருக்கும் என்பதால் மதியம் லுஹர் தொழுகைக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். ஒரு வெள்ளிக் காசு வாங்க மாட்டார். வாய் மட்டும் ஓயாது. அவர் இருக்கிற இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கப் போவார். அதில்தான் அவருக்குப் பெருமை.

என் மகனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்போது அவன் கல்லூரியில் சேர்ந்திருந்தான். திருடமாட்டான், சிகரெட் தொடமாட்டான், ஐந்து நேரம் சொன்னால் தொழுவான். ஆனால் அவனை வீட்டில் பார்த்தேன் என்று நான் சொல்ல முடியாது. அவன் தலையின் உச்சியைத்தான் பார்த்தேன். நாற்காலியில் தலை உச்சி, கட்டிலில் தலை உச்சி, சாப்பாட்டு மேசையில் தலை உச்சி. அவன் அம்மா மீனைப் பொரித்துத் தட்டில் வைத்தால் அது கோழியா மீனா என்று தெரியாமல் தின்பான்.

ஒரு நாள் என் மனைவி அடுக்களையில் நின்றுகொண்டு போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு அனுப்புற?"

"ஒங்க மவனுக்குத்தான். சோறு ரெடின்னு."

"பக்கத்து ரூம்லதானே இருக்கான்?"

"மூணு வாட்டி கூப்பிட்டுப் பாத்தேன். தொண்ட போச்சு. வாட்சப்ல போட்டா ஒடனே வாரான் பாருங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவன் வந்துவிட்டான், கையில் போனோடு. என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாயின் குரலுக்கு வராத பிள்ளை ஒரு சத்தத்துக்கு வருகிறானே என்று நெஞ்சு எரிந்தது.

இவன் ஒருத்தன்தான் இப்படி என்றால் என் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். கடைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். காதில் ஒன்றைச் செருகிக்கொண்டு வந்து நிற்பார்கள். "என்ன வேணும் தம்பி?" என்றால் பதில் வராது. கையை மட்டும் நீட்டி முட்டைத் தட்டைக் காட்டுவார்கள். மையத்து வீட்டில் ஜனாஸாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கட்டை விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்த பையனை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். செத்தவர் அவனுடைய சொந்த மாமா. எதிரே இருக்கிற மனிதன் உயிரோடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டால் அப்புறம் மார்க்கம் எதற்கு, உறவு எதற்கு? எனக்கு இன்னமும் ஆத்திரம் அடங்கவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா நேரத்து எம்சிஓ ஊரடங்கு எல்லாம் முடிந்து, பள்ளிவாசலில் மறுபடியும் கஞ்சி காய்ச்சலாம் என்று அனுமதி கிடைத்த பிறகு வந்த ஒரு நோன்பு. அன்று எங்கள் வீட்டு முறை. மகனையும் அவனுடைய கூட்டாளிப் பையன் ஒருவனையும் லுஹருக்குப் பிறகு கொட்டகைக்கு அனுப்பிவிட்டு நான் கடையில் இருந்தேன். அஸருக்குக் கொஞ்சம் முன்னால் போனேன். சட்டி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மகன் ஒரு கையால் துடுப்பைப் பிடித்திருந்தான். மறு கையில் போன். கண் போனில். துடுப்பு ஏதோ தானாகச் சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டாளிப் பையன் விறகு எடுக்கப் பின்பக்கம் போயிருந்தான்.

"போன உள்ள வைடா. பள்ளிவாசல் கஞ்சி இது."

"வக்கிறேன் அத்தா, ஒரு நிமிசம்."

மச்சான் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "விடு மச்சான், நோன்ப வச்சுக்கிட்டு வையாதே. மருமவன் ஒரு கையில கஞ்சி கிண்டுறாரு, ஒரு கையில ஒலகத்தையே கிண்டுறாரு. ரெண்டும் வெந்துரும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் பால் டின்னால் உப்பை அளந்து, தலை தட்டி, சட்டியைச் சுற்றித் தூவினார். என் கண் முன்னால் தூவினார். பிறகு வழக்கப்படி சத்தமாகச் சொன்னார்.

"உப்பு போட்டாச்சு!"

"ம்."

"வாயத் தொறந்து சொல்லு மருமவனே."

"போட்டாச்சு மாமா." தலை நிமிரவில்லை.

பாங்கு சொன்னார்கள். நானும் மச்சானும் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டு ஜமாத்துக்குப் போனோம். பையன்கள் கிண்டிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் திரும்பி வந்ததும் அவர்கள் போய்த் தொழுவது என்பது பேச்சு. தொழுதுவிட்டு வந்தோம். மச்சான் துடுப்பைத் தூக்கி, கஞ்சி ஒழுகுகிற பதத்தைப் பார்த்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ், எறக்கலாம்" என்றார். வரிசை நகர்ந்தது. சட்டி சட்டியாக, டப்பா டப்பாவாகக் கஞ்சி மூன்று தாமானுக்கும் போய்விட்டது. என் மனதில் அன்று அவ்வளவு நிறைவு. என் வீட்டுக் கஞ்சியால் இத்தனை பேர் நோன்பு திறக்கப் போகிறார்கள் என்று.

மஃரிப் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம், தண்ணீர், அதற்குப் பிறகு எல்லோரும் கோப்பையை எடுத்தார்கள். முதல் வாயோடு பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் முகத்தைச் சுளித்தார். இன்னொருவர் துண்டில் துப்பினார். நானும் குடித்தேன். நாக்கு சுருங்கிப்போனது. கடற்கரையில் அலை வாயில் அடித்ததுபோல ஒரே கரிப்பு.

எங்கள் ஜமாத்தில் கோபக்காரர் ஒருவர் உண்டு. கோப்பையைத் தூக்கிக்கொண்டு நேராக மச்சானிடம் போனார்.

"என்ன பாய் இது? கஞ்சியா கடத்தண்ணியா?"

"ஏண்ணே, என்னாச்சு?"

"என்னாச்சா? நீயே குடிச்சுப் பாரு. பொழுது பூரா பட்டினி கெடந்து வர்றவன் வாயில ஊத்துற சாமானா இது?"

மச்சான் அந்தக் கோப்பையை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். அப்படியே நின்றார். பிறகு மீதியையும் கடைசிச் சொட்டு வரை குடித்தார். இருமல் வந்து கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஓரத்தில் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் யாரோ சிரித்தார்கள். ஒருவன் சிரித்தால் மற்றவர்களுக்கும் வந்துவிடுகிறது. "நான் ஒரு டின்தாண்ணே போட்டேன்" என்று அவர் மெதுவாகச் சொன்னது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் எழுந்து, "நான் பாத்தேன், ஒரு டின்தான் போட்டாரு, அல்லாஹ் மேல ஆணையா சொல்றேன்" என்று கத்தினேன். அந்த வீடியோவில் நான் பேசியது இல்லை. அதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டார்கள்.

மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். செருப்பு வைக்கிற இடத்தில் மகனுடைய கூட்டாளிப் பையன் நின்றிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, நான்தான் போட்டேன்."

"என்னத்தப் போட்ட?"

"உப்பு. நான் வெறகு எடுத்துட்டு வந்து பாத்தேன், பக்கத்துல உப்பு பாக்கெட்டு இருந்துச்சு. அவன்கிட்ட உப்பு போடணுமாடான்னு கேட்டேன் மாமா. ம்ம், போடுன்னான். பாக்கெட்டோட கொட்டிட்டேன்."

அந்தப் பாக்கெட் மறுநாள் கஞ்சிக்காக வாங்கி வைத்தது. பையனை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனாவது கேட்டான். கேட்டுவிட்டுச் செய்தான். தானாக வந்து ஒப்புக்கொண்டான்.

மகனைத் தேடிப் போனேன். பள்ளிவாசல் சுவரோரம் நின்றிருந்தான்.

"ஒன்கிட்ட உப்பு போடணுமான்னு கேட்டானா?"

"யாரு அத்தா?"

"ஒன் கூட்டாளி."

"ஞாபகம் இல்ல அத்தா."

"மாமா உப்பு போட்டாச்சுன்னு சொன்னாரே, நீயும் திருப்பிச் சொன்னியே, அது?"

"அதுவும்... தெரியல. சொன்னேனா?"

அவன் பொய் சொல்லவில்லை. தகப்பனுக்குப் பிள்ளையின் பொய் தெரியும். பொய்யாக இருந்திருந்தால் கூட என் மனம் ஆறியிருக்கும். பயந்து சொன்னான் என்று விட்டிருப்பேன். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்தச் சட்டிக்கு முன்னால் அவன் நின்றிருந்தான், புகை அவன் முகத்தில் அடித்தது, இரண்டு மனிதர்கள் அவனைப் பார்த்துப் பேசினார்கள், அவன் வாய் பதிலும் சொன்னது. ஆனாலும் அவன் அங்கே இல்லை. அடிக்கலாம் என்று கை ஓங்கினேன். யாரை அடிப்பது?

அன்று இரவு தராவீஹ் தொழுகைக்கு முன்பே பள்ளிவாசல் தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். என் மகன்தான் காரணம் என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எழுந்து நின்று, கஞ்சியில் உப்பு கூடியது சமையல்காரர் தவறு இல்லை, பிள்ளைகள் தெரியாமல் இரண்டாம் முறை போட்டுவிட்டார்கள், யாரும் அவரைத் தப்பாக நினைக்காதீர்கள் என்று தெளிவாகச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். பின் வரிசைகளில் இருந்த இளவட்டங்கள் பாதிப் பேர் குனிந்திருந்தார்கள். முகத்தில் அந்த நீல வெளிச்சம். உண்மையை ஒரு மனிதர் நின்று, வாயால், முகத்துக்கு நேராகச் சொல்கிறார். கேட்க ஆள் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் கையில் எது ஓடிக்கொண்டிருந்ததோ எனக்குத் தெரியாது. அந்த வீடியோவாகவே இருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

கஞ்சி கரித்த மறுநாளே அந்த வீடியோ ஊரெல்லாம் போயிருந்தது. கோபக்காரர் கோப்பையை நீட்டுகிறார், மச்சான் குடிக்கிறார், இருமுகிறார், சிரிப்புச் சத்தம், அவ்வளவுதான். மேலே "உப்பு பாய்" என்று எழுதியிருந்தார்கள். இரண்டு நாளில் மலாயில் வேறு எழுத்தோடு வந்தது. அடுத்த வருட நோன்பில் பாட்டுச் சேர்த்து வந்தது. அதற்கடுத்த வருடம் ஒருவன், இவர் தூக்கக் கலக்கத்தில் கஞ்சியில் ஏதோ மருந்தைக் கொட்டிவிட்டார் என்று எழுதியிருந்தான். இன்னொருவன், கஞ்சிக் காசைத் தின்றவர் என்று எழுதினான். காசே வாங்காத மனிதரை! யார் எழுதினார்கள் என்று தேடினால் யாரும் இல்லை. எல்லோரும் "எனக்கு வந்துச்சு, அனுப்பினேன்" என்கிறார்கள். புறம் பேசுவது எவ்வளவு பெரிய பாவம் என்று குழந்தையிலிருந்து ஓதிக்கொடுத்த ஜனம், விரலால் பேசினால் பாவம் இல்லை என்று எங்கே படித்தது?

அந்தக் கஞ்சியை வாங்கிப்போன ஒரே ஒரு ஆள்தான் மச்சானைத் தேடி வந்து பேசியது. பழைய தோட்டத்து ஆள், மாரியம்மன் கோவில் பக்கத்து வீட்டு அக்கா. மறுநாள் டப்பாவோடு வரிசையில் நின்று, "பாய், நேத்து கஞ்சில ரெண்டு பங்கு வெறுஞ்சோத்தப் போட்டுக் கலக்குனேன், சரியாப் போச்சுலா. புள்ளைங்க குடிச்சிருச்சுங்க. இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றார். மச்சான் அன்று சிரித்தார். எங்கள் பள்ளிவாசலில் அவர் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அந்த நோன்பை எப்படியோ முடித்தார். அடுத்த வருடம் வரவில்லை. "ஒடம்பு சரியில்ல" என்றார். கல்யாண வீட்டுக்காரர்கள் கூப்பிடுவதும் நின்றுபோனது. ஒரு வீட்டில் முதலில் இவரைப் பேசிவிட்டு, மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அந்த வீடியோவைக் காட்டிச் சிரித்ததும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். கேண்டீனில் சாப்பிட வருகிற பையன்கள் தட்டை நீட்டி "பாய், உப்பு கம்மியா" என்பார்களாம். கடைசியில் அந்த வேலையையும் விட்டுவிட்டு, சுங்காய் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கே போய்விட்டார்.

இந்த வருடம் நோன்புக்குக் கொஞ்சம் முன்னால், அவருடைய மகளிடமிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது. பேரனைப் பள்ளி வேனில் மற்றப் பிள்ளைகள் "உப்பு வீட்டுப் பிள்ளை" என்று கூப்பிடுகிறார்களாம். அவன் வீட்டுக்கு வந்து தன் நன்னாவைப் பார்த்து, "நீங்க மருந்து போட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறான். "அத்தா ரெண்டு நாளா சாப்பிடல மாமா. நீங்க வந்தா நல்லாருக்கும்" என்றது அந்தப் பெண். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

மகன் இப்போது ஈப்போவில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எங்கே, எதற்கு என்று சொல்லித்தான் ஏற்றினேன். "சரி அத்தா" என்றான். அவனுக்கும் அது உறுத்தல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நெடுஞ்சாலையில் பாதி வழிக்கு மேல் குனிந்தபடியே வந்தான். என்ன பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வருகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். எட்டிப் பார்த்தால் போனில் யாரோ பூனைக்குச் சட்டை போட்டுவிடுகிறார்கள்.

சுங்காய் வீட்டில் மச்சான் முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். ஸலாம் சொல்லி உட்கார்ந்தோம். தேத்தண்ணி வந்தது. பேச்சு எங்கெங்கோ போனது. கடைசியில் மகன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மாமா, அன்னைக்கு நான்தான். நீங்க உப்பு போட்டது எனக்குத் தெரியல. நான் கவனிக்கல. மாப் பண்ணிருங்க."

மச்சான் அவனையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து மகனுடைய சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவன் கை தன்னாலே அங்கே போனது. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"எடுத்துப் பாரு மருமவனே" என்றார் மச்சான். "யாராச்சும் மவுத்தாயிருக்கப் போறாங்க."

மகன் போனை எடுத்து அணைத்து என்னிடம் கொடுத்தான். முகம் சிவந்துவிட்டது.

"மச்சான், அன்னைக்கு எதுக்கு அந்தக் கோப்பை முழுசும் குடிச்ச?" என்று நான் கேட்டேன். வருடக்கணக்காக என் மனதில் கிடந்த கேள்வி அது.

"பசி மச்சான். வேற என்ன?" என்றார். முதல்முறையாக உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. பிறகு என் மகனிடம் திரும்பினார்.

"மாப்பு நான் அன்னைக்கே பண்ணிட்டேன்பா. ஒங்க அத்தா பள்ளிவாசல்ல எல்லார் முன்னாடியும் சொல்ல வச்சாரு, அது போதும்னு இருந்தேன். ஆனா என் பேரன் என்கிட்ட கேட்டான் பாரு. அவனுக்கு நான் என்ன சொல்றது? இல்லப்பான்னு சொன்னேன். நம்ப மாட்டேங்குறான். போன்ல இருக்கே நன்னாங்குறான். நான் எதுக்க உக்காந்து சொல்றேன், அவனுக்கு போன்ல இருக்குறதுதான் நெசம்."

அடுக்களையில் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது.

"மாமா, நான் ஒரு வீடியோ போடுறேன்" என்றான் மகன் அவசரமாக. "நான்தான் காரணம்னு நானே பேசிப் போடுறேன். எல்லாருக்கும் போயிரும்."

"வேணாம்பா." கையை உயர்த்தித் தடுத்தார். "அதையும் வெட்டுவானுங்க. ஒன் மூஞ்சிய வச்சு இன்னொரு பாட்டுப் போடுவானுங்க. ஒங்க அம்மா பாத்துட்டு அழுவா. என் மூஞ்சி போனது போதும்." பிறகு என்னைப் பார்த்தார். "மச்சான், நீ கடைல உக்காந்து பேப்பர் படிக்கிற ஆளு. நாலு வரி எழுதத் தெரியும் ஒனக்கு. நடந்தத நடந்த மாதிரி எழுது. படிக்கிறவன் முதல்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சாத்தான் வெளங்கும்ல எழுத்து? என் பேரன் இன்னும் கொஞ்சம் பெரியவனானா அவன் கையில குடுப்பேன்."

"ஒன் பேர் போடவா?"

"வேணாம். யாரு பேரும் வேணாம். வீடியோவப் பாத்தவனுக்குத் தெரியும் நான் யாருன்னு. பாக்காதவனுக்கு எதுக்கு?"

அவர் கேட்டது அவ்வளவுதான். போன வேலை, கல்யாண வீடுகள், அதையெல்லாம் அவர் பேசவில்லை. தன் பேரன் தன்னை நம்ப வேண்டும், அது போதும் என்றார். இதற்கு மேலும் என் தயக்கத்துக்கு என்ன மரியாதை? வீட்டுக்கு வந்ததும் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

எழுதியதை மகனை எதிரே உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். இடையில் ஒரு முறை, "அத்தா, பூனை வெசயமெல்லாம் வேணுமா?" என்று கேட்டான். வேணும் என்றேன். பிறகு கடைசி வரைக்கும் கேட்டான். என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். இதை மட்டும் அவனுக்காகச் சொல்லிக்கொள்கிறேன். எழுந்து போகும்போது போனைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனான். அவன் திருந்திவிட்டான் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். அவனுக்காகவும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன்.

இனி நான் கேட்பது உங்களிடம். அந்த வீடியோ உங்களுக்கு வந்திருந்தால், அதை யார் அனுப்பினார்களோ, நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ, அத்தனை பேருக்கும் இதை அனுப்புங்கள். நீளமாக இருக்கிறது என்று பாதியை வெட்டி அனுப்பாதீர்கள். மேலே வேறு தலைப்புப் போடாதீர்கள், படம் சேர்க்காதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள். என் மகன் மேல் இரக்கப்பட்டு ஒரு வரியை எடுத்துவிடாதீர்கள். அவன் மேல் கோபப்பட்டு ஒரு வரியைக் கூட்டிவிடாதீர்கள். அனுப்பியவர்கள் அதோடு நின்றுவிடாமல், வீட்டில் உங்கள் எதிரே இருக்கிற பிள்ளையை உட்காரவைத்து வாய்விட்டு ஒரு முறை படித்துக் காட்டுங்கள். சுங்காயில் ஒரு சின்னப் பையன் வளர்ந்து இதைக் கையில் வாங்கும்போது, நான் எழுதியது நான் எழுதியபடியே அவனிடம் போய்ச் சேர வேண்டும். அந்தப் பொறுப்பை உங்களிடம் அமானிதமாக ஒப்படைக்கிறேன்.